சவடால் பேசும் பயந்தாங்கொள்ளி ரோக்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் விளையாடும் மேசைகளில் எப்போதாவது ஒருவர், வாய் நிறைய வீரமும் நெஞ்சு நிறைய நடுக்கமும் கொண்ட ஒரு ரோக்கை (ஒளிந்தும் தந்திரத்தாலும் பிழைக்கும் பாத்திர வகை) உருவாக்கிக்கொண்டு வந்து உட்காருவார். அறிமுகத்தைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள். மூன்றாவது அமர்வில் அந்தச் சிரிப்பு இருக்காது. ஐந்தாவது அமர்வில் யாராவது ஒருவர் டி.எம்.மை, அதாவது ஆட்டத்தை நடத்துபவரைத் தனியே அழைத்து, "இவனை என்ன செய்யலாம்?" என்று கேட்பார். அப்படிக் கேட்கப்பட்ட டி.எம்.மாகவும் இருந்திருக்கிறேன், கேட்க வைத்த ஆட்டக்காரனாகவும் இருந்திருக்கிறேன். பராக்கிரமன் என்று பெயர் வைத்து நான் உருவாக்கிய ரோக்கை நண்பர்கள் இரண்டே அமர்வுகளில் "பராக்" என்று சுருக்கிவிட்டார்கள். அரசன் வருமுன் கட்டியக்காரன் எழுப்பும் கூச்சல்தான் அது. பின்னால் அரசன் யாரும் வரமாட்டான் என்பதுதான் அவர்கள் சொல்லவந்தது.

இந்தப் பாத்திரம் நமக்குப் புதியதன்று. மகாபாரதத்தின் விராட பருவத்து உத்தர குமாரன், நல்ல சாரதி ஒருவன் மட்டும் கிடைத்தால் கௌரவர் படையைத் தனியொருவனாக வென்று பசுக்களை மீட்டு வருவதாக அந்தப்புரத்துப் பெண்கள் முன்னிலையில் மார்தட்டினான். பிருகன்னளை என்ற மாறுவேடத்தில் இருந்த அருச்சுனன் தேரைக் கொண்டுபோய்ப் படைக்கு எதிரே நிறுத்தியதும் வில்லையும் அம்பையும் எறிந்துவிட்டுத் தேரிலிருந்து குதித்து ஓடினான். கதை அத்தோடு அவனை விட்டுவிடவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது. ஓடியவனைப் பிடித்து இழுத்துவந்த அருச்சுனன், "நீ போரிடவேண்டாம், தேரை ஓட்டு" என்று ஒரு வேலையைக் கொடுத்தான். சவடால் அவனைக் களத்துக்குக் கொண்டுவந்தது, பயம் அவன் என்ன செய்யமுடியாது என்பதைத் தீர்மானித்தது, ஆனாலும் அவன் களத்திலேயே இருந்தான். உங்கள் ரோக்கிடம் தோன்றும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்று அறுந்துபோனதால் வருபவை.

எனவே எந்த அறிகுறியைப் பார்ப்பதற்கு முன்பும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடந்த அமர்வில், பேசிய பேச்சுக்காகவே அவன் செய்யவேண்டிவந்த காரியம் எது? பயந்ததாலேயே அவன் வேறு விதமாகச் செய்த காரியம் எது? முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் சவடால் வெறும் சத்தமாக இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால், அவன் பயந்து எதையும் வேறு விதமாகச் செய்யவில்லை, செய்ய மறுக்க மட்டுமே செய்கிறான். கீழே சொல்லப்படும் விதிகள் ஐந்தாம் பதிப்புக்கு உரியவை. 2014 நூலுக்கும் 2024 திருத்தத்துக்கும் வேறுபாடு உள்ள இடங்களில் அதைக் குறிப்பிடுகிறேன்.

அறிகுறி: சண்டை தொடங்கியதும் அவன் காணாமல்போகிறான், மற்றவர்கள் அவனுக்கும் சேர்த்து அடி வாங்குகிறார்கள்

அடிக்கடி வருவதும், ஆட்டத்தையே கெடுப்பதும் இதுதான். நால்வருக்கென்று திட்டமிட்ட சண்டையை மூவர் போடுகிறார்கள். நான்காமவர் தன் முறை வரும்போதெல்லாம் "நான் பீப்பாய்க்குள் ஒளிந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை எதிர்பார்க்கிறார். முதல் முறை அது வேடிக்கைதான். போர்வீரர் மயங்கி விழுந்து கிடக்கும் நேரத்தில் அதே வரியை மூன்றாம் முறை கேட்டால் எவருக்கும் எரிச்சல்தான் வரும்.

காரணம் பாத்திரத்தின் பயம் அன்று. பயத்தைச் செயலின்மை என்று ஆட்டக்காரர் புரிந்துகொண்டதுதான் காரணம். கோழைக்கு ரோக்கைப் போலப் பொருத்தமான வகுப்பு இந்த விளையாட்டில் வேறு இல்லை, ஏனென்றால் அந்த வகுப்பின் விதிகளே ஓடி ஒளிபவனுக்காக எழுதப்பட்டவை போலத்தான் இருக்கின்றன. இரண்டாம் லெவலில் கிடைக்கும் கன்னிங் ஆக்‌ஷன், ஓடுவதையும் எதிரியின் அருகிலிருந்து அடிபடாமல் விலகுவதையும் (டிஸ்என்கேஜ்) ஒளிவதையும் போனஸ் ஆக்‌ஷனாகச் செய்யவிடுகிறது; அது வழக்கமான செயலுக்கு மேல் கிடைக்கும் கூடுதல் செயல் என்பதால் அவன் ஒரே முறையில் குத்தவும் செய்யலாம், தப்பிக்கவும் செய்யலாம்.

ஒரு முறையை அருகில் நின்று பார்ப்போம். மூன்றாம் லெவல் ரோக், டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) 16, வேகம் 30 அடி. போர்வீரர் ஓர் ஓகருடன் (பூதம் போன்ற அரக்கன்) கைகலந்து நிற்கிறார்; நம்மவன் தூணுக்குப் பின்னால் இருக்கிறான், ஓகரை எட்டுவதற்கு 15 அடி நடக்கவேண்டும். அவன் முறை வந்ததும் அந்த 15 அடியை ஓடிக் கடந்து ரேப்பியரால் குத்துகிறான். போர்வீரர் ஓகருக்கு 5 அடிக்குள் நிற்பதால் ஸ்நீக் அட்டாக் (ரோக்கின் கூடுதல் சேதம்) பொருந்தும்: ரேப்பியருக்கு ஓர் எட்டுமுகப் பகடை, டெக்ஸ்டெரிட்டிக்கு 3, ஸ்நீக் அட்டாக்குக்கு இரண்டு ஆறுமுகப் பகடைகள், ஆக குத்து பட்டால் சராசரி 14.5. உடனே கன்னிங் ஆக்‌ஷனைக் கொண்டு டிஸ்என்கேஜ் செய்து, மீதமுள்ள 15 அடியில் தூணுக்குப் பின்னால் திரும்பிவிடுகிறான். ஓகருக்கு அவனை முதுகில் அடிக்கும் ஆபர்ச்சூனிட்டி அட்டாக் கிடைக்காது. தூணுக்குப் பின்னாலிருந்து அவன் கத்தவேண்டியது: "அண்ணே, பாதி வேலைய முடிச்சுட்டேன், மிச்சத்த நீங்க பாத்துக்குங்க!"

ஓகர் பாதி என்ன, கால்வாசிகூடச் சாகவில்லை. ஆனால் 14 புள்ளி சேதம் மேசையில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்த பிறகு, அந்தக் கூச்சலுக்குப் போர்வீரரை ஆடுபவரே முதலில் சிரிப்பார். பங்கைச் செலுத்திய கோழையை யாரும் வெறுப்பதில்லை.

சரிசெய்ய நான் வைத்திருக்கும் வழக்கம் எளிது. எல்லை இரண்டு உண்டு: வரைபடத்தை விட்டு வெளியேறுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தாக்குதலோ ஓர் உதவியோ செய்யாமல் முறையை முடிப்பதில்லை. இந்த இரண்டுக்குள் அவன் எவ்வளவு வேண்டுமானாலும் நடுங்கலாம். ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) பாதிக்குக் கீழே போனால் ரேப்பியரை உறையிலிட்டு ஷார்ட்போவை (குறுவில்) எடுத்துக்கொள்ளட்டும். அது 80 அடி வரை சிக்கலின்றி எய்யும், பயந்தவனுக்கு 80 அடி என்பது ஆறுதலான தூரம்.

துணைவகுப்பைத் தவறாகத் தேர்ந்திருந்தாலும் இந்த அறிகுறி வரும். சவடால் என்றதும் பலர் ஸ்வாஷ்பக்ளரை எடுத்துவிடுகிறார்கள். அது தனியாக நேருக்கு நேர் நின்று சண்டையிடுபவனுக்கு வெகுமதி தருகிற துணைவகுப்பு. பக்கத்தில் எதிரியைத் தவிர யாருமே இல்லாதபோது அவனுக்கு ஸ்நீக் அட்டாக் கிடைக்கும். நம்மவன் அப்படி ஓரிடத்தில் சிக்குவான் என்றால் அது விபத்தாகத்தான் இருக்கும். மாஸ்டர்மைண்டைப் பாருங்கள்: மூன்றாம் லெவலில் 30 அடி தூரத்திலிருந்தே போனஸ் ஆக்‌ஷனாக ஒருவருக்குத் தாக்குதலில் உதவலாம், அதாவது பின்னால் நின்று யோசனை சொல்லியே அட்வாண்டேஜ் (இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுக்கும் வசதி) வாங்கித் தரலாம், 13ஆம் லெவலில், தன்னை மறைத்து நிற்பவர் 5 அடிக்குள் இருந்தால், தன்மேல் வரும் அடியை அவர்மேல் திருப்பிவிடவே, பிறர் முறையில் செய்யும் எதிர்வினையாக, ஒரு ரியாக்‌ஷன் இருக்கிறது. இதைவிடக் கூசாத கோழைத்தனத்தை விதிநூலில் நான் படித்ததில்லை. ஸ்கவுட் துணைவகுப்போ, எதிரி அருகில் வந்து முறையை முடித்த கணமே ரியாக்‌ஷனில் பாதி வேகத்துக்கு நழுவவிடுகிறது. 2024 விதிகளில் ஆடுபவர்களுக்கு இதற்காகத் துணைவகுப்பை நாடவே தேவையில்லை. ஐந்தாம் லெவலில் வரும் கன்னிங் ஸ்ட்ரைக்கில், ஸ்நீக் அட்டாக்கின் ஒரு பகடையை விட்டுக்கொடுத்தால் குத்திய கையோடு பாதி வேகத்துக்கு ஆபத்தில்லாமல் விலகிவிடலாம்.

அறிகுறி: ஓடுகிறவன்தான், ஆனால் எல்லாருக்கும் முன்பாக விழுந்துவிடுகிறான்

சவடாலை எங்கே நின்று பேசுகிறான் என்று பாருங்கள். எதிரிக்கு முன்னால் நின்று நீளமாகப் பேசிவிட்டு, இனிஷியேட்டிவில் (யார் முன்னால் ஆடுவது என்ற வரிசையில்) பின்தங்கி, முதல் சுற்றிலேயே மூவரின் அடியை வாங்கிக்கொள்கிறான். ரோக்கின் ஹிட் டை (உயிர்ப்புள்ளியைத் தீர்மானிக்கும் பகடை) எட்டுமுகம், கவசமும் லேசானது. பேச்சைச் சண்டைக்கு முந்திய நாளுக்கோ சண்டை முடிந்த பிறகோ மாற்றுங்கள். நடுவில் பேசியே தீரவேண்டுமென்றால் தூணுக்குப் பின்னாலிருந்து பேசட்டும். ஐந்தாம் லெவல் வந்ததும் அன்கேனி டாட்ஜ் ஒரு சுற்றில் ஓர் அடியைப் பாதியாக்கும். அதுவரை கான்ஸ்டிட்யூஷனை (உடல்வலு) குறைவாக வைத்துவிட்டுத் தைரியம் பேசவேண்டாம்.

அறிகுறி: சவடாலைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை

முதலில் ஆட்டக்காரரின் பேச்சைக் கேளுங்கள். "நான் உலகத்திலேயே பெரிய வீரன்", "என்னைக் கண்டால் அசுரனும் நடுங்குவான்" என்ற வகையில்தான் அது இருக்கும். இவை பொய்கூட அல்ல, வெறும் அடைமொழிகள். அடைமொழியைப் பிடித்துக்கொண்டு யாரும் கேள்வி கேட்கமுடியாது, கேள்வி கேட்கமுடியாத சவடாலில் விளையாட ஒன்றும் இல்லை.

நல்ல சவடாலில் எண் இருக்கும், இடம் இருக்கும், சாட்சி ஒருவர் இருப்பார், அந்தச் சாட்சி வசதியாக இறந்துபோயிருப்பார் அல்லது தூரதேசத்தில் இருப்பார். எண்தான் முக்கியம், ஏனென்றால் எண் வளரும். பராக்கிரமன் முதல் அமர்வில், ஒரு பாலத்தில் தனியாக நின்று மூன்று ஓகர்களைத் தடுத்ததாகச் சொன்னான். அடுத்த சத்திரத்தில் அவை ஐந்தாயின. குழுவின் மந்திரவாதி குறுக்கிட்டு, "போன வாரம் மூணுன்னு சொன்னீங்க" என்றார். அதற்கு நான் தயாராக இல்லை, எப்படியோ வாயில் வந்ததைச் சொன்னேன்: "அது உயிரோட ஓடிப்போனது. செத்தத நான் கணக்குல சேத்துக்கிறதில்ல." அன்று முதல் பாலத்துக் கதை குழுவின் பொதுச்சொத்தாகிவிட்டது. புது ஊர் வந்தாலே யாராவது ஒருவர், "பாலத்தைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்று ஆரம்பித்துவைப்பார். இரண்டு பேர் மேசைக்கடியில் விரலால் எண்ணத் தொடங்குவார்கள்.

ஆகவே பாத்திரத் தாளின் பின்பக்கத்தில் ஒரு சவடால் கணக்கு எழுதிவையுங்கள். எந்தக் கதை, எங்கே சொன்னது, அப்போது எண் எத்தனை, யார் கேட்டார்கள் என்ற நான்கு விவரங்கள் போதும். ஒரே கதையை வளர்ப்பது பத்துக் கதைகளை இறைப்பதைவிட மேலானது. கேட்பவர்கள் பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கும்போதுதான் புதிய எண் சிரிப்பை வரவழைக்கிறது. ஓர் அமர்வுக்கு ஒரு கதை என்ற அளவைத் தாண்டவும் வேண்டாம். சவடால் பேசுபவன் எப்போதும் பேசிக்கொண்டே இருப்பான் என்பது உண்மைதான், ஆனால் மேசையில் மற்றவர்களுக்கும் வாய் இருக்கிறது.

அறிகுறி: ஒவ்வொரு சவடாலுக்கும் பகடை உருட்டவேண்டியிருக்கிறது; ஆட்டம் நகரவே இல்லை

இதில் தவறு டி.எம். பக்கம். பொய்யை நம்புவதால் யாருக்காவது ஏதாவது மாறும் என்றால்தான் டிசெப்ஷன் (ஏமாற்றும் திறன்) உருட்டவேண்டும். வாயிற்காவலன் கதவைத் திறப்பானா என்பது உருட்டத்தக்கது. சத்திரத்துக்காரர் பாலத்துக் கதையை நம்புகிறாரா என்பது உருட்டத்தக்கதன்று, அவர் பணம் வாங்கிக்கொண்டு தலையாட்டுவார்.

உருட்டவேண்டிய இடங்களில் அவன் தொடர்ந்து தோற்கிறான் என்றால் தாளைப் பாருங்கள். முதல் லெவலில் கிடைக்கும் எக்ஸ்பர்டீஸ் (பயிற்சிப் போனஸை இரட்டிப்பாக்கும் தேர்ச்சி) இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டெல்த்துக்கும் (ஒளிந்து நகரும் திறன்), 2014 விதிகளில் என்றால் பூட்டுத் திறக்கும் கருவிகளுக்கும், கொடுத்திருப்பார்கள். கரிஸ்மா (கவர்ச்சி) 14, அதாவது +2 உள்ளவன் பயிற்சி எதுவும் இல்லாமல் 15 என்ற இலக்கைத் தொட, இருபதுமுகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழவேண்டும், அதாவது நூற்றுக்கு 40. டிசெப்ஷனில் எக்ஸ்பர்டீஸ் இருந்தால் 9 போதும், நூற்றுக்கு 60. வாயை நம்பிப் பிழைப்பவனுக்கு அந்த இருபது பெரிய வித்தியாசம். என் கருத்தில் அவனுக்கு இரண்டே இரண்டு எக்ஸ்பர்டீஸ்தான் பொருத்தம்: பேச டிசெப்ஷன், பேச்சு பலிக்காதபோது மறைய ஸ்டெல்த். பூட்டை வேறு யாராவது உடைத்துக்கொள்ளட்டும்.

அறிகுறி: வேவு பார்க்கப் போகமாட்டேன் என்கிறான், குழு கதவுக்கு வெளியே அரைமணி நேரம் வாதாடுகிறது

ஸ்டெல்த் அதிகமுள்ளவன் அவன் ஒருவன்தான்; அவன் மறுத்தால் இரும்புக் கவசம் அணிந்தவர் சலசலவென்று உள்ளே போகவேண்டும். இங்கே பயம் மட்டும் வேலை செய்கிறது, சவடால் தூங்குகிறது. மேலே சொன்ன முதல் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்: அவன் பேசிய எந்தப் பேச்சு அவனை இந்தக் கதவுக்குள் தள்ளும்?

மற்ற ஆட்டக்காரர்கள் கற்றுக்கொள்ளவேண்டிய நுட்பம் ஒன்று இதில் இருக்கிறது. அவனை வற்புறுத்தக் கூடாது, அவன் காதுபட வேறொருவரைப் புகழவேண்டும். "நீ போகலைன்னா பரவாயில்ல, அந்த மந்திரவாதியே போகட்டும், அவர்தான் இந்த வேலையில கெட்டிக்காரர்னு ஊர்ல பேசிக்கிறாங்க" என்று ஒருவர் சொன்னால் போதும். தற்பெருமைக்காரனால் அதைத் தாங்கமுடியாது. ஆட்டக்காரரும் இந்தத் தூண்டிலை விழுங்கக் கடமைப்பட்டவர். தன் பாத்திரத்தை எந்த வார்த்தை கதவுக்குள் தள்ளும் என்பதை முதல் அமர்வுக்கு முன்பே, செஷன் சீரோவில், எல்லாரிடமும் சொல்லிவிடவேண்டும். அதை மறைத்துவைப்பதில் என்ன சுவாரசியம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. குழு இழுக்கத் தெரிந்த கயிறு ஒன்று இருந்தால்தான் இந்தப் பாத்திரம் அசையும்.

டி.எம். செய்யவேண்டியதும் உண்டு. சவடாலைக் கேட்டவர்கள் அதை நம்பி வரவேண்டும். பாலத்துக் கதையைக் கேட்ட ஊர்த்தலைவர் மறுநாள் காலையில் சத்திர வாசலில் மாலையோடு நின்று, "எங்க ஊர்ப் பாலத்துலயும் ரெண்டு ஓகர் இருக்குதுங்க, உங்களுக்கு ரெண்டுங்கிறது ஒரு கணக்கா?" என்று கேட்கட்டும். அன்றைய சாகசத்துக்கு வேறு முகவுரை தேவையில்லை. சவடால் கணக்கு டி.எம்.முக்கும் ஒரு பிரதி தரப்படவேண்டியது இதற்காகத்தான்.

உள்ளே போனவன் என்ன கண்டான் என்பதைச் சொல்லும்போது பயம் தன் வேலையைச் செய்யட்டும். இரண்டு காவலர் இருந்தால் அவன் ஆறு என்பான். குழு இதை அறிந்து மூன்றால் வகுத்துக்கொள்ளும். ஒரே ஒரு முறை அவன் முகம் வெளிறி, "ரெண்டு பேர்" என்று எண்ணைக் கூட்டாமல் சொன்னால் மேசையே நிமிர்ந்து உட்காரும். அந்த ஒரு முறையை வீணாக்காமல் வைத்திருங்கள்.

அறிகுறி: குழுவினரிடமே திருடுகிறான்

"என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்ற வாக்கியம் காதில் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி ஆட்டக்காரரிடம் நேரடியாகப் பேசுங்கள். பாத்திரம் வழியாகத் தண்டிப்பது எதையும் தீர்க்காது. 1974இல் இந்த விளையாட்டு முதலில் வெளிவந்தபோது திருடன் என்ற வகுப்பே இல்லை. 1975இன் துணைநூலில்தான் அது வந்தது, 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் ரோக் என்று பெயர் மாறியது. பெயர் மாறி இத்தனை ஆண்டுகளாகியும் சிலர் அதைத் திருட்டு உரிமமாகவே படிக்கிறார்கள். நம்மவனைப் பொறுத்தவரை பதில் பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது: கோழை எவனும், தனக்கு முன்னால் கேடயம் பிடித்து நிற்பவரின் பையில் கைவைக்கமாட்டான். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் இவன் யாருக்குப் பின்னால் ஒளிவான்?

அறிகுறி: பயமுறுத்தும் மந்திரம் வந்தால் எந்த விதி பொருந்தும் என்று குழப்பம்

பாத்திரத்தின் இயல்பான பயமும் ஃபிரைட்டன்டு என்ற விதிநிலையும் வேறுவேறு. முதலாவது ஆட்டக்காரர் கையில் இருக்கிறது. இரண்டாவதில், பயத்துக்குக் காரணமானது கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை தாக்குதலுக்கும் திறன் சோதனைக்கும் டிஸ்அட்வாண்டேஜ் (இரண்டு பகடையில் மோசமானதை எடுக்கவேண்டிய நிலை) உண்டு, அதை நோக்கித் தானாக நெருங்கவும் முடியாது. டிஸ்அட்வாண்டேஜ் இருந்தால் ஸ்நீக் அட்டாக்கும் போய்விடும், ஆகவே ரோக்குக்கு இது கடுமையான அடி. "அவன் கோழைதானே, சேவிங் த்ரோ இல்லாமலே தோற்கட்டும்" என்று, பாதிப்பிலிருந்து தப்ப உருட்டும் பகடையை மறுத்து, டி.எம். சொல்லக்கூடாது. ரோக்குக்கு விஸ்டம் சேவில் பயிற்சி 15ஆம் லெவலில்தான் வருகிறது, பகடையே அவனைப் போதுமான அளவு நடுங்கவைக்கும்.

ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்தில் இந்த ரோக்கை உருவாக்கியவர்களுக்கு ஒரு முரண் காத்திருக்கிறது. ஹாஃப்லிங்குகளுக்குப் பயத்தை எதிர்க்கும் சேவில் இனத்தின் குணமாகவே அட்வாண்டேஜ் உண்டு. அதே நேரத்தில் தம்மைவிடப் பெரியவருக்குப் பின்னால் ஒளியவும் முடியும், 2014 நூலில் லைட்ஃபுட் உட்பிரிவுக்கு மட்டும். நான் இதை முரணாகக் கருதாமல் வசதியாகவே எடுத்துக்கொள்வேன்: டிராகனின் கர்ஜனைக்கு அசையாமல் நிற்பவன், கூரிய கத்தி ஒன்றைக் கண்டதும் போர்வீரரின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறான். கர்ஜனை குத்தாது, கத்தி குத்தும் என்பது அவன் கணக்கு.

அறிகுறி: மற்ற ஆட்டக்காரர்கள் அவனை உள்ளூர வெறுக்கத் தொடங்கிவிட்டார்கள்

பங்கைச் செலுத்துகிறான், திருடுவதில்லை, ஆனாலும் கசப்பு இருக்கிறது என்றால், வெற்றிப் பெருமையை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். சண்டை முடிந்ததும் ஊர்மக்கள் முன்னால் அவன் எல்லாவற்றையும் தன் பெயரில் சொல்கிறான். அது பாத்திரத்துக்குப் பொருத்தம்தான். ஆனால் அந்தக் காட்சி அங்கேயே முடிந்துவிட்டால், உண்மையாக அடிபட்டவருக்கு மிஞ்சுவது எரிச்சல். கடைசி வார்த்தை எப்போதும் வேறொருவருடையதாக இருக்கவேண்டும். ஆட்டக்காரர் தன் சவடாலில் வேண்டுமென்றே ஓர் ஓட்டையை விட்டுவைத்து, பக்கத்தில் இருப்பவர் அதில் விரலை விட்டு ஆட்டக் காத்திருக்கவேண்டும். "அந்த மூன்றாவது ஓகரின் கழுத்தை நான்..." என்று இழுத்து நிறுத்தினால், போர்வீரர் மெதுவாகக் கேட்பார்: "அப்ப நீங்க எந்த மரத்துல இருந்தீங்க?"

இதற்கு ஆட்டக்காரர் சிரித்துக்கொள்ளக்கூடியவராக இருக்கவேண்டும். பாத்திரம் அவமானப்படும்போது தாமும் முகம் சுருங்குகிறவர் இந்த ரோக்கை ஆடாமலிருப்பதே நல்லது. இதில் திருத்துவதற்கு வழிமுறை எதுவும் கிடையாது.

அறிகுறி: ஒரு நாள் திடீரென்று வீரனாகிவிட்டான், அதன்பின் சுவையே இல்லை, அல்லது இருபது அமர்வாகியும் அணுவளவும் மாறவில்லை

இரண்டும் ஒரே கோளாறின் இரு முனைகள். பயத்தைப் பொதுவாக எழுதிவைத்ததே காரணம். 2014 நூலில் குற்றவாளிப் பின்னணிக்கு உரிய குறைகளின் பட்டியலிலேயே, நிலைமை மோசமானால் ஓடிவிடுவேன் என்ற பொருளில் ஒரு குறை உண்டு. பலர் அதை அப்படியே தாளில் எழுதிவிடுகிறார்கள். அதை உடைத்து எழுதவேண்டும். எதற்குப் பயப்படுகிறான்? வலிக்கா, சாவுக்கா, தன் பொய் வெளிப்படுவதற்கா? யாருக்காக மட்டும் ஓடமாட்டான்? மூன்றாவது வகைப் பயம் உள்ளவன்தான் ஆட வசதியானவன் என்பேன், ஏனென்றால் சாவுக்கும் அவமானத்துக்கும் நடுவில் நிற்கவைத்தால் அவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்பது அவனுக்கே தெரியாது.

மாற்றம் வரும்போது பயம் தீரக் கூடாது. அவன் கை நடுங்கிக்கொண்டே ஒரு முறை நிற்கவேண்டும், அதற்கு விலையும் கொடுக்கவேண்டும், அடுத்த வாரம் மறுபடியும் தூணைத் தேடவேண்டும். உத்தரன் அன்று அரசவையில், வென்றது நானல்லன் என்று தந்தையிடம் ஒப்புக்கொண்டான். அதே உத்தரன் குருக்ஷேத்திரத்தின் முதல் நாளில் சல்லியனை எதிர்கொண்டு மடிந்தான். இடைப்பட்ட காலத்தில் அவன் என்னவானான் என்பதைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. உங்கள் ஆட்டம் முழுவதும் நடப்பது அந்த இடைப்பட்ட காலத்தில்தான்.

டி.எம். கவனத்துக்கு: அப்படி அவன் நின்ற அமர்வில் இன்ஸ்பிரேஷன் (பின்னால் ஓர் உருட்டலுக்கு உதவும் பரிசு) கொடுங்கள், ஆனால் ஓடிய அமர்விலும் ஓட்டம் கதைக்குச் சிக்கலைக் கூட்டியிருந்தால் கொடுங்கள். நின்றால் மட்டும் பரிசு என்று பழக்கினால் நான்கு அமர்வுகளில் உங்களிடம் ஒரு சாதாரண வீரன்தான் இருப்பான்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆட்டக்காரருக்கு மட்டும் சலித்துவிட்டது

பாத்திரத்தைக் கொன்று விடைபெறுவதுதான் வழக்கம். இவனுக்கு அது வேண்டாம். உயிரோடு ஓய்வு பெறும் உரிமை சாகசக்காரர்களில் யாருக்காவது உண்டென்றால் அது கோழைக்குத்தான். பங்குப் பணத்தோடு ஒரு சத்திரம் வாங்கி உட்காரட்டும். தாளையும் சவடால் கணக்கையும் டி.எம்.மிடம் ஒப்படைத்துவிடுங்கள்; டி.எம். அவனைத் துணைப்பாத்திரமாக நடத்தும்போது நீளமாகப் பேசவைக்கவேண்டாம், இரண்டு வரி போதும்.

நான் பராக்கிரமனை ஒப்படைத்த அன்று கணக்கில் பாலத்து ஓகர்கள் பதினொன்று. எட்டு வாரம் கழித்து, புதிய பாத்திரத்தோடு, மழையில் நனைந்து, அந்தச் சத்திரத்துக்குள் நுழைந்தோம். கணப்படுப்பின் பக்கத்தில் ஒரு தடித்த மனிதன் இரண்டு வண்டிக்காரர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். டி.எம். என்னைப் பார்க்கவே இல்லை; தாளை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பத்தொன்பதுங்க" என்றார்.